சாவி இல்லாத பழைய பெட்டகத்தைக் காயப்படுத்தாமல் திறப்பது எப்படி?

திருப்புளியைக் கையில் எடுத்திருந்தால் முதலில் அதைக் கீழே வையுங்கள். பழைய பெட்டகங்களில் நான் பார்த்த காயங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் இருக்கின்றன: பூட்டுக்கு நேர் மேலே, மூடியும் பெட்டியும் சேரும் விளிம்பில். என்றோ ஒருநாள் யாரோ அவசரப்பட்டு நெம்பியதன் தழும்பு அது. காய்ந்து முதிர்ந்த மரம் நெம்பினால் வளைந்து கொடுக்காது, இழையோடு நீளமாகப் பிளந்துவிடும். பிளந்த துண்டைத் திரும்ப ஒட்டலாம். அந்தக் கோடு மட்டும் மறையாது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். தலைமுறை தாண்டி வீட்டுக்கு வந்த பெட்டி ஒன்றை, சாவி கிடைக்கவில்லை என்று நெம்பித் திறந்தேன். விளிம்பில் ஒரு சாண் நீளத்துக்குச் சில்லு பெயர்ந்து வந்தது. மூடி திறந்த பிறகு பூட்டைப் பார்த்தால் அதன் நாக்கு உள்ளேயே இருந்தது. பெட்டி பூட்டப்படவே இல்லை. பழைய வார்னிஷ் இளகி மூடியைப் பிடித்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். அந்தச் சில்லைப் பார்க்கும்போதெல்லாம் இன்றும் மனம் கனக்கிறது. கீழே நான் சொல்லும் வரிசை அந்தத் தவறிலிருந்து வந்தது: தடயமே விடாத முயற்சி முதலில், பழையபடி ஆக்கிவிடக்கூடியது அடுத்து, மாற்ற முடியாதது கடைசியில், அதுவும் அனுபவப்பட்டவர் கையால்.

பெட்டி உங்களுடையதுதானா என்பதையும் தொடங்கும் முன்பே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். பலருக்குப் பங்குள்ள குடும்பச் சொத்து என்றால், உரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போது திறப்பதே நல்லது. உள்ளே என்ன இருந்தது என்ற பேச்சு பிற்பாடு எழாது.

பூட்டு எப்படிப் பிடிக்கிறது?

பெரும்பாலான மரப்பெட்டகங்களில் பூட்டு, முன்பலகையின் உள்பக்கத்தில் குடைந்து பதிக்கப்பட்டிருக்கும். அதன் வாய் மேல்நோக்கி இருக்கும். மூடியின் அடியில் ஒரு தகடு, அதில் ஒன்றோ இரண்டோ வளையங்கள். இதைத்தான் இங்கே நாதாங்கி என்கிறேன். மூடியை மூடும்போது இந்த வளையங்கள் பூட்டின் வாய்க்குள் இறங்கும். சாவியைத் திருப்பினால் பூட்டின் நாக்கு பக்கவாட்டில் நகர்ந்து வளையங்களுக்குள் நுழைந்து நிற்கும்.

இதைப் புரிந்துகொண்டால் நெம்புவது ஏன் வீண் என்பதும் புரிந்துவிடும். நாக்கு நகர்வது பக்கவாட்டில், நீங்கள் இழுப்பது மேல்நோக்கி. எவ்வளவு பலமாக இழுத்தாலும் நாக்கு இம்மியும் அசையாது. அந்த விசை முழுவதும் நாதாங்கியின் திருகாணிகளிலும் மரவிளிம்பிலும் போய் விழும். முதலில் உடைவது மரம்தான்.

உண்மையிலேயே பூட்டியிருக்கிறதா?

மெல்லிய பிளாஸ்டிக் அட்டை ஒன்றை எடுத்து, மூடிக்கும் பெட்டிக்கும் இடையிலுள்ள இடுக்கில் ஒரு மூலையிலிருந்து செருகி மெதுவாக நகர்த்துங்கள். பூட்டு இருக்கும் சில சென்டிமீட்டர் அகலத்தில் மட்டும் தட்டி நின்று, மற்ற இடமெல்லாம் தடையில்லாமல் ஓடினால் பெட்டி பூட்டியிருக்க வாய்ப்பு அதிகம். வேறு இடங்களில் நின்றால் அங்கே ஆணியோ வார்னிஷோ உப்பிய மரமோ இருக்கிறது. அந்த இடங்களைப் பென்சிலால் ஒரு காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள், பெட்டியின் மேல் குறிக்க வேண்டாம்.

அடுத்து, மூடியின் இரண்டு முன்மூலைகளையும் விரல் நுனியால் மட்டும் தூக்கிப் பாருங்கள். மூலைகள் ஒரு மி.மீ. அளவு எழும்பி நடுப்பகுதி மட்டும் பிடித்துக்கொண்டால் அது பூட்டின் பிடி. எந்த மூலையும் அசையவில்லை என்றால் மூடி ஒட்டியிருக்கிறது என்றே முதலில் சந்தேகப்பட வேண்டும்.

ஒட்டியிருந்தால் வைத்தியம் எளிது, பொறுமைதான் வேண்டும். ஈரக்காற்றில் மரம் உப்பும். உலர்ந்த, காற்றோட்டமான அறையில் ஓரிரு வாரம் வைத்தால் தானாகவே சுருங்கி விடும். வெயிலில் வைத்தோ சூடான காற்றை ஊதியோ அவசரப்படுத்தினால் பலகை வெடிக்கும். வார்னிஷோ பெயின்டோ பிடித்திருந்தால், மெல்லிய அலகுள்ள கத்தியை இடுக்கின் நீளவாக்கில் படுத்தபடி இழுத்து அந்தப் படலத்தை அறுத்துவிடலாம். கத்தியைத் திருப்பி நெம்பாதீர்கள்.

பயணத்துக்கென்று செய்த டிரங்குப் பெட்டிகளில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். நடுவில் பூட்டு இருக்கும், அதன் இருபுறமும் ஸ்பிரிங் கொக்கிகளோ இழுத்து மாட்டும் கொண்டிகளோ இருக்கும். பூட்டு திறந்தே இருந்தும் பக்கத்துக் கொக்கி துருப்பிடித்து மாட்டிக்கொண்டதால் பெட்டி திறக்காமல் கிடப்பது உண்டு. நடுப்பூட்டின் கொண்டியை உள்ளங்கையால் உள்நோக்கி அழுத்தி, அழுத்தியபடியே மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள்.

இன்னொரு சின்ன வித்தை, என் அனுபவத்தில் அதிகம் பலித்தது. பழைய மூடிகள் காலப்போக்கில் மேல்நோக்கி வளைந்துவிடும். வளைந்த மூடி நாதாங்கியை மேலே இழுக்க, அது நாக்கின் மேல் அழுந்தி, சரியான சாவி இருந்தால்கூடத் திரும்பாது. அதனால் பூட்டைத் தொடும்போதெல்லாம் இன்னொருவரை மூடியின் நடுவில், பூட்டுக்கு நேர் மேலே, இரண்டு உள்ளங்கைகளாலும் கீழ்நோக்கி அழுத்தச் சொல்லுங்கள். ஒரே முனையில் பாரம் விழாமல் இருக்க இடையில் மடித்த துணி வைத்துக்கொள்ளலாம். இனி நான் சொல்லும் ஒவ்வொரு முயற்சியிலும் இந்த அழுத்தம் இருக்க வேண்டும்.

சாவி வேறெங்கும் இல்லையா?

சாவியைத் தொலைத்தவர்களைவிடப் பத்திரமாக ஒளித்து வைத்து மறந்தவர்களே அதிகம் என்பது என் எண்ணம். பெட்டியின் அடிப்பலகையில் ஒட்டியிருக்கலாம், கால்களின் உள்பக்கம் ஆணியில் தொங்கலாம், பின்பலகைக்கும் சட்டத்துக்கும் நடுவே செருகியிருக்கலாம். அதே வீட்டில் இருந்த அலமாரி, மேசை, கடிகாரம் ஆகியவற்றின் சாவிகளையும் சேகரியுங்கள். விலை குறைந்த பூட்டுகளைத் தயாரித்தவர்கள் சில சாவி அமைப்புகளையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார்கள் என்பதால், அலமாரிச் சாவி பெட்டியைத் திறப்பது அதிசயமில்லை.

பூட்டின் முகத்தகட்டை மென்மையான துணியால் துடைத்துவிட்டு டார்ச் ஒளியைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். பெயரோ எண்ணோ தெரியலாம். ஈகிள், கார்பின், யேல் போன்ற அமெரிக்க நிறுவனங்களின் டிரங்குப் பூட்டுகளில் சாவி எண்ணைப் பூட்டிலேயே பொறித்திருப்பார்கள். அதே எண்ணுள்ள சாவி அந்த வகைப் பூட்டு எல்லாவற்றுக்கும் பொருந்தும். பழம்பொருள் சாவி விற்பவர்களிடம் அந்த எண்ணைச் சொன்னாலே வேலை முடிந்துவிடும். இந்த ஒரு எண்ணைத் தேடாமல் பூட்டை உடைத்தவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

சாவித்துவாரத்துக்குள் பாருங்கள்

சாவி கிடைக்கவில்லை என்றால் இனி பூட்டின் குணத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். சிறிய டார்ச் ஒன்று போதும். செல்பேசியில் இணைக்கும் குழாய்க் கேமராக்களில் 5.5 மி.மீ. தடிமனிலும் அதைவிட மெல்லிதாகவும் கிடைக்கின்றன. துவாரத்தின் வட்டப்பகுதி அதைவிட அகலமாக இருந்தால் உள்ளே விட்டுப் பார்க்கலாம்.

முதலில் கவனிக்க வேண்டியது, துவாரத்தின் நடுவில் ஒரு சிறு கம்பி நீட்டிக்கொண்டிருக்கிறதா என்பது. இருந்தால் உங்களுக்கு வேண்டியது தண்டின் முனையில் துளையுள்ள குழல் சாவி. துளை அந்தக் கம்பியின் மேல் அமரும். இல்லையென்றால் தண்டு திடமான சாவி. இந்த ஒரு வித்தியாசத்தைப் பார்க்காமல் சாவிகளை வாங்கிக் குவிப்பது வீண்செலவு.

அடுத்தது உள்ளமைப்பு. பழைய பூட்டுகளைப் பெரும்பாலும் இரண்டு குடும்பங்களில் அடக்கிவிடலாம். ஒன்று, தடுப்பு வளையங்கள் உள்ள பூட்டு. ரோமானியர் காலத்திலிருந்தே புழங்கும் முறை இது. சாவி சுழலும் பாதையில் தகட்டு வளையங்களை நிறுத்தியிருப்பார்கள். அந்த வளையங்களுக்கு ஏற்ற வெட்டு சாவியின் பல்லில் இருந்தால்தான் சுழலும். டார்ச் ஒளியில் வளைந்த மேடுகளாகத் தெரிபவை இவைதான்.

மற்றொன்று லீவர் பூட்டு. மெல்லிய தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும், ஒவ்வொன்றையும் ஒரு ஸ்பிரிங் அழுத்திப் பிடித்திருக்கும். எல்லாத் தகடுகளும் சரியான உயரத்துக்கு எழும்பினால்தான் நாக்கு நகரும். அளவுக்கு மேல் எழும்பினாலும் தடுக்கும் இரட்டைச் செயல் லீவருக்கு ராபர்ட் பாரன் என்பவர் 1778-இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். உங்கள் பூட்டில் லீவர் அடுக்கு தெரிந்தால், பெட்டி எவ்வளவு பழசு என்று ஊகிக்கவும் இது உதவும். ஆனால் பழைய பெட்டிக்குப் பிற்காலத்தில் புதுப் பூட்டு மாட்டியிருக்கலாம் என்பதை மறக்க வேண்டாம். முன்பலகையில் பழைய திருகாணித் துளைகளை அடைத்த தடம் இருந்தால் அதுதான் நடந்திருக்கிறது.

இரண்டு பெயர்கள் கண்ணில் பட்டால் கையை எடுத்துவிடுங்கள். துவாரம் சிறிய வட்டமாக, சாவிப்பல் நுழையும் நீள்வாய் இல்லாமல் இருந்து, 'பிராமா' என்ற பெயர் இருந்தால் அது 1784-இல் ஜோசப் பிராமா காப்புரிமை பெற்ற குழல் வகை. 'சப்' என்ற பெயர் இருந்தால் அது ஜெரமையா சப் 1818-இல் காப்புரிமை பெற்ற, திருட்டு முயற்சியைக் காட்டிக்கொடுக்கும் பூட்டாக இருக்கலாம். ஒரு லீவரை அளவுக்கு மேல் தூக்கிவிட்டால் அந்தப் பூட்டு தன்னைத்தானே இறுக்கிக்கொள்ளும். பிறகு உரிய சாவி கொண்டுதான் விடுவிக்க முடியும். 1851-இல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சியின்போது ஆல்ஃபிரட் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் இந்த இரண்டு வகைகளையும் திறந்து காட்டினார். பிராமா பூட்டைத் திறக்க அவருக்கு 16 நாட்களில் பரவிய 50 மணி நேரத்துக்கும் மேலான உழைப்பு தேவைப்பட்டது. அவ்வளவு தேர்ந்த கைக்கே அவ்வளவு நேரம் பிடித்தது என்பதால், புதியவர்கள் இவற்றில் கம்பியை விட்டுக் கிளற வேண்டாம்.

முழுக்க இரும்பாலான, பட்டைகள் அடித்த பெட்டகம் என்றால் வேறு கதை. 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் ஜெர்மனியில், குறிப்பாக நியூரம்பெர்க் வட்டாரத்தில் செய்யப்பட்ட இரும்புப் பெட்டகங்களை 'ஆர்மடா பெட்டி' என்று பின்னாளில் அழைத்தார்கள். 1588-இன் ஸ்பானியக் கப்பற்படைக்கும் இவற்றுக்கும் உண்மையில் தொடர்பில்லை. இவற்றின் முன்பக்கத்தில் அழகான வேலைப்பாட்டோடு இருக்கும் சாவித்துவாரம் பெரும்பாலும் பொய்த்துவாரம். உண்மையானது மூடியின் நடுவில், நகரும் பட்டைக்கோ குமிழுக்கோ அடியில் மறைந்திருக்கும். மூடியின் உள்பக்கம் முழுவதையும் ஒரே பூட்டு அடைத்துக்கொண்டிருக்கும். ஒரே சாவி, நாலாபுறமும் பல நாக்குகளை ஒருசேர இழுக்கும். இத்தகைய பெட்டகம் உங்களிடம் இருந்தால், மறைந்த துவாரத்தைத் தேடுவதோடு நிறுத்திக்கொண்டு பழம்பொருள் பாதுகாப்பில் தேர்ந்தவரை அழையுங்கள்.

துப்புரவும் எண்ணெயும்

துவாரத்தில் தூசி, மெழுகு, பூச்சிக்கூடு, சில சமயம் உடைந்த சாவியின் பல்கூட அடைத்திருக்கும். மெல்லிய இடுக்கியாலும் சிறு தூரிகையாலும் வெளியே எடுங்கள், உள்ளே தள்ளாதீர்கள். பிறகு துவாரத்தைச் சுற்றி மரத்தின் மேல், பூச்சை உரிக்காத மென்மையான ஒட்டுநாடாவை ஒட்டி, ஊசி முனை மழுங்கிய சிரிஞ்சால் துருநீக்கி எண்ணெயை இரண்டு மூன்று சொட்டு மட்டும் விடுங்கள். ஒரு இரவு காத்திருந்து மறுநாள் இன்னும் இரண்டு சொட்டு. வழிய வழிய ஊற்றினால் எண்ணெய் மரத்தில் இறங்கிக் கறுப்புக் கறையாக நிற்கும், உள்ளே துணியோ காகிதமோ இருந்தால் அதையும் கெடுக்கும். சமையல் எண்ணெய் நாளடைவில் பிசினாகிவிடும், அது கூடாது. துருவே இல்லையென்றால் எண்ணெய்க்குப் பதில் பென்சில் கரியைப் பொடித்து ஊதிவிடலாம். எண்ணெயும் கரியும் கலந்தால் சேறாகும். ஏதாவது ஒன்றுதான்.

சாவி செய்வது

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. தடுப்பு வளையப் பூட்டுக்குப் புதியவர் ஒருவரே சாவி செய்துவிட முடியும்.

முதலில் அளவு. தீக்குச்சியைத் துவாரத்துக்குள் நேராக விட்டு, பூட்டின் பின்தகட்டில் முட்டியதும் முகத்தகட்டின் மட்டத்தில் நகத்தால் குறியுங்கள். தண்டு எவ்வளவு உள்ளே போக வேண்டும் என்பது தெரியும். துவாரத்தின் மேல் மெல்லிய காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் அதன் வடிவம் அப்படியே பதியும். வட்டத்தின் அகலம் தண்டின் தடிமனையும், நீள்வாயின் உயரமும் அகலமும் பல்லின் உயரத்தையும் தடிமனையும் சொல்லிவிடும். குழல் சாவி என்றால் நடுக்கம்பியின் தடிமனையும் அளந்தாக வேண்டும். இந்த அளவுகளோடு போனால் பல் வெட்டப்படாத வெற்றுச் சாவியைத் தேடி வாங்கலாம். ஓர் அளவு சந்தேகமாக இருந்தால் சற்றுப் பெரியதை வாங்குங்கள். அராவிக் குறைக்கலாம், கூட்ட முடியாது.

வெற்றுச் சாவியின் பல்லை மெழுகுவர்த்திச் சுடரின் மேல் காட்டி, புகைக்கரி சீராகப் படியும்வரை கறுப்பாக்குங்கள். ஆறிய பிறகு துவாரத்துக்குள் செலுத்தி, தடைபடும்வரை மெதுவாகத் திருப்பி, அந்த இடத்தில் இலேசாக முன்னும் பின்னும் அசைத்துவிட்டு வெளியே எடுங்கள். கரி அழிந்து உலோகம் பளிச்சிடும் இடம்தான் தடுப்பு வளையம் முட்டிய இடம். அங்கே மெல்லிய தட்டை அரத்தால் அரை மி.மீ. அளவு அராவுங்கள். மறுபடி கரி, மறுபடி திருப்புதல், மறுபடி அரம். இருபது முறைகூட ஆகலாம். ஒவ்வொரு சுற்றிலும் சாவி முன்பைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் திரும்பும். அந்தக் கூடுதல் ஒரு மி.மீ. தரும் மகிழ்ச்சி பெரிது.

திருப்பும் விசைக்கு ஒரே விதி: கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் மட்டும். முழுக்கையால் பிடித்து முறுக்கினால் பல் முறிந்து உள்ளே விழும். முறிந்த பல்லை எடுப்பது பூட்டைத் திறப்பதைவிடச் சிரமம்.

விரல்கள் எதை உணர்கின்றன என்பதில் கவனம் வையுங்கள். சுவரில் மோதியதுபோலத் திடீரென நின்றால் அது தடுப்பு வளையம், அராவ வேண்டும். மெத்தையில் அழுத்துவதுபோல இளகிக் கொடுத்து, விட்டதும் திரும்பத் தள்ளினால் சாவிப்பல் ஸ்பிரிங்கையோ லீவரையோ தொட்டுவிட்டது. அங்கே அராவக் கூடாது. மூடியை அழுத்தச் சொல்லிவிட்டு அந்த இடத்தில் பொறுமையாக விசையைக் கூட்டினால், பல சமயம் நாக்கு 'டக்' என்று நகர்ந்துவிடும். ஒரு திசையில் பலிக்கவில்லையென்றால் மறுதிசையிலும் முயல வேண்டும்.

இந்த முறை ஏன் பலிக்கிறது தெரியுமா? தடுப்பு வளையங்கள் வழிமறிப்பதோடு சரி. நாக்கைத் தள்ளுவது பல்லின் நுனி மட்டுமே. அதனால்தான் நடுப்பகுதியை முழுக்க வெட்டிவிட்டு நுனியை மட்டும் விட்டுவைத்த எலும்புக்கூட்டுச் சாவி ஒன்று பல பூட்டுகளைத் திறக்கிறது. நீங்களும் முடிவில் அதையே செய்திருப்பீர்கள். நுனியைத் தண்டோடு இணைக்கும் கழுத்தை மட்டும் அதிகம் மெலிய விடாதீர்கள்.

கம்பியால் முயல்வது

சாவி செய்யப் பொறுமை இல்லையென்றால் 1.5 முதல் 2 மி.மீ. தடிமனுள்ள எஃகுக் கம்பியின் நுனியை, சாவிப்பல்லின் உயரத்துக்கு 'ட' போல மடக்கி முயலலாம். தடுப்பு வளையங்களைத் தாண்டிப் பின்தகடு வரை நுழைத்து, சாவியைப் போலச் சுழற்றுங்கள். நாக்கின் அடியிலுள்ள வெட்டில் கொக்கி மாட்டினால் தள்ளிவிடும். மென்கம்பி வளைந்துவிடும் என்பதால் எஃகுதான் வேண்டும்.

ஒரே லீவர் உள்ள பூட்டில் இரண்டு கம்பிகள் தேவை: ஒன்று லீவரைத் தூக்கிப் பிடிக்க, மற்றது நாக்கைத் தள்ள. மூன்று நான்கு லீவர்கள் என்றால் நாக்கின் மேல் இடைவிடாத மெல்லிய அழுத்தம் கொடுத்தபடி, எந்த லீவர் இறுகி நிற்கிறதோ அதை மட்டும் முதலில் தூக்கி, அது அமர்ந்த பிறகு அடுத்ததைத் தேட வேண்டும். சொல்ல எளிது, கைக்கு வர நாளாகும். ஒரு மணி நேரம் முயன்றும் எதுவும் நகரவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். சோர்ந்த கை பலத்தைத்தான் கூட்டும், நிதானத்தைக் கூட்டாது.

கீல் வழியும் அடிப்பலகை வழியும்

பூட்டை விட்டுவிட்டுப் பெட்டியின் பின்னால் போய்ப் பாருங்கள். கீல்கள் வெளியே தெரிந்து, நடு ஊசியைத் தட்டி எடுக்கக்கூடிய வகையாக இருந்தால் அதிர்ஷ்டம்தான். ஊசியைவிட மெல்லிய ஆணியை வைத்துச் சிறு சுத்தியால் தட்டினால் வெளியேறும். வெளித்தெரியும் திருகாணிகள் என்றால், அவற்றின் பள்ளத்துக்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளியால் கழற்றுங்கள். சிறிய திருப்புளி பள்ளத்தைச் சிதைத்துவிடும். இறுகிய திருகாணியை முதலில் சற்று இறுக்கி, பிறகு தளர்த்தினால் பெரும்பாலும் அசைந்து கொடுக்கும். எந்தத் திருகாணி எந்தத் துளையிலிருந்து வந்தது என்று எழுதி வையுங்கள்.

கீல் விடுபட்டதும் மூடியைப் பின்பக்கம் சில சென்டிமீட்டர் மட்டும் தூக்க முடியும், முன்னால் நாதாங்கி இன்னும் பிடித்திருக்கும். அந்த இடைவெளியே போதும். பூட்டின் திருகாணிகள் உள்பக்கத்தில்தான் இருக்கின்றன. குட்டைத் திருப்புளியோடு கையை விட முடிந்தால் பூட்டையே பலகையிலிருந்து கழற்றிவிடலாம். அப்போது மூடி பூட்டோடு சேர்ந்து எழும்பிவிடும். மூடியைப் பின்னால் அதிகம் தூக்கினால் நாதாங்கித் தகடு முறுக்கிக்கொள்ளும் என்பதால் இன்னொருவர் அதைத் தாங்கிப் பிடித்திருக்கட்டும்.

கீல்கள் உள்ளே இருந்தால் அடிப்பலகையைப் பார்க்க வேண்டும். பல பெட்டிகளில் அது கீழிருந்து ஆணியடித்துப் பொருத்தியதாகவே இருக்கும். ஆணிகளைக் கழற்றிப் பலகையை எடுத்தால் முகப்பில் ஒரு கீறலும் விழாது. ஆனால் பெட்டியை முதலில் மிக மெதுவாகச் சாய்த்து, உள்ளே எதுவும் உருள்கிறதா என்று கேளுங்கள். கண்ணாடியோ பீங்கானோ சத்தம் கொடுத்தால் இந்த வழி வேண்டாம். எதுவும் உருளவில்லை என்றால் தடித்த போர்வையின் மேல் பெட்டியைப் பின்பக்கமாகப் படுக்கவைத்து, குறட்டின் கீழ் மரத்துண்டு வைத்து ஆணியை நேராக இழுங்கள். அதே ஆணிகள் அதே துளைகளுக்குத் திரும்ப வேண்டும், ஒன்றையும் எறிய வேண்டாம். பலகை சட்டத்தின் காடிக்குள் செருகப்பட்டிருந்தால் அதைப் பிரிக்க முயலாதீர்கள்.

ஆளை அழைக்கும்போது

சாவி செய்பவர்கள் எல்லாருக்கும் பழைய மரச்சாமான் பழக்கம் இருக்காது. "உடைக்காமல் திறந்து, இதே பூட்டுக்குச் சாவி செய்து தருவீர்களா?" என்று கேளுங்கள். துளையிடுவதைப் பற்றித்தான் முதல் பேச்சே வருகிறது என்றால் வேறொருவரைப் பாருங்கள். துளையிட்டே ஆக வேண்டிய நிலை வந்தாலும், துளை விழும் இடம் பூட்டின் உலோகமாக இருக்கட்டும், மரமாக இருக்க வேண்டாம் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

மூடி எழும்பியதும்

ஒரே வீச்சில் திறக்காதீர்கள். மூடியைத் தாங்கும் சங்கிலியோ கம்பியோ அற்றுப்போயிருந்தால் கனத்த மூடி பின்னால் சாய்ந்து கீலைப் பிய்த்துவிடும், அல்லது திரும்பி விரல்களின் மேல் விழும். ஒருவர் பிடித்துக்கொள்ள, சன்னல்களைத் திறந்துவிட்டு, முகக்கவசத்தோடு திறவுங்கள். பூஞ்சைத் தூள் நுரையீரலுக்கு நல்லதில்லை. பழைய துணிகளையும் பதப்படுத்திய விலங்குப் பொருட்களையும் பூச்சியிலிருந்து காக்க ஆர்சனிக், பாதரசச் சேர்மங்களைத் தூவுவது ஒருகாலத்தில் வழக்கம். அதனால் உள்ளே தெரியும் வெள்ளைத் தூளை வெறுங்கையால் தொட வேண்டாம். துப்பாக்கி ரவைகளோ வெடிபொருளோ தெரிந்தால் எடுக்காமல், பெட்டியை மூடாமலே விட்டுவிட்டுக் காவல்துறைக்குச் சொல்லுங்கள். ஒட்டும் பதத்தில் பழுப்பேறிய பழைய திரைப்படச் சுருள் இருந்தால் நெருப்பை அருகே கொண்டுவராதீர்கள். 1950-களின் தொடக்கம்வரை புழங்கிய நைட்ரேட் சுருள் மிக எளிதில் பற்றிக்கொள்ளும்.

எதையும் வெளியே எடுக்கும் முன், இருந்தது இருந்தபடி புகைப்படம் எடுங்கள். எந்தப் பொருள் எதன்மேல் இருந்தது என்பதும் ஒரு செய்திதான். மடித்த காகிதங்களை உடனே பிரிக்க வேண்டாம், மடிப்பில் உடைந்துவிடும். பெட்டியின் வெளி உயரத்தையும் உள் ஆழத்தையும் அளந்து பாருங்கள். பலகைகளின் தடிமனைக் கழித்த பிறகும் சில சென்டிமீட்டர் கணக்கில் இடித்தால், அடியில் இன்னொரு தட்டு இருக்கலாம்.

இந்த ஆர்வத்தில் ஒரு வேலையை மறந்துவிடக் கூடாது. மூடியைத் திறந்த அந்த நிமிடமே, பூட்டின் வாயில் மடித்த துணியைத் திணித்து நாதாங்கி உள்ளே இறங்காதபடி செய்யுங்கள். சில பெட்டிகள் மூடியவுடன் தாமாகவே பூட்டிக்கொள்ளும், உள்ளிருந்து திறக்க வழி இருக்காது. லேன் நிறுவனத்தின் தேவதாருப் பெட்டகங்களில் ஒளிந்து விளையாடிய குழந்தைகள் மூச்சுத்திணறி இறந்ததால், 1912 முதல் 1987 வரை செய்யப்பட்ட ஏறத்தாழ 1.2 கோடிப் பெட்டகங்களின் பூட்டுகளை மாற்றித் தருவதாக 1996-இல் அமெரிக்காவில் அறிவிக்கப்பட்டது. பழைய பூட்டோடு இன்னும் பல புழக்கத்தில் இருக்கின்றன. உங்கள் பெட்டி அப்படித் தானாகப் பூட்டும் வகையானால், குழந்தைகள் நடமாடும் இடத்தில் வைக்கும் முன் பூட்டைக் கழற்றி எடுத்து வைத்துவிடுங்கள்.

மற்றபடி, பூட்டைத் திருகாணி கழற்றி மேசைமேல் வைத்துவிட்டால் சாவி செய்பவருக்குப் பாதி வேலை மிச்சம். உள்ளமைப்பைக் கண்ணால் பார்த்தே அவர் பல்லை வெட்டுவார். இரண்டு சாவிகளாகச் செய்யச் சொல்லுங்கள். பூட்டைத் திரும்பப் பொருத்தியதும், மூடி திறந்திருக்கும்போதே சாவியைப் பத்து முறை திருப்பி நாக்கு தடையில்லாமல் வந்து போகிறதா என்று பாருங்கள். பதினோராவது முறை மூடியை மூடிப் பூட்டலாம். இரண்டாவது சாவியைச் சிறு துணிப்பையில் போட்டு, பெட்டியின் அடிப்பலகையில், முன்பக்கத்து வலது காலுக்கு அருகே கட்டி வையுங்கள். பையோடு ஒரு சீட்டும் இருக்கட்டும்: எந்தப் பெட்டியின் சாவி, எந்தத் திசையில் திருப்ப வேண்டும், மூடியை அழுத்திக்கொண்டு திருப்ப வேண்டும் என்று.